வீட்டுல குணசேகரனைத் திட்டுறோம், படகுத்துறையில குணசேகரனாப் பேசுறோம்

தங்கச்சிமடம் டிரைவர்
21 மே 2024, இரவு 10.50

மீன்பிடித் தடைக்காலம் அஞ்சு வாரம் ஓடிருச்சு. படகு கரையில. பகல்ல என்ஜின் வேலை, பெயின்ட் வேலைன்னு பொழுது போயிரும். ராத்திரிதான் கஷ்டம். ஒன்பதரை ஆச்சுன்னா எங்க அம்மா, வீட்டுக்காரி, பக்கத்து வீட்டு மதினி எல்லாரும் சன் டிவி எதிர்நீச்சல் சீரியல் முன்னாடி உக்காந்துருவாங்க. மத்த மாசத்துல அந்த நேரம் நான் கடல்ல இருப்பேன், இல்ல தூங்கிக்கிட்டு இருப்பேன். அதனால 2022 பிப்ரவரியில ஆரம்பிச்ச தொடரை வருஷத்துக்கு 61 நாள் கணக்குல பாத்தவன் நான். மூணு தடைக்காலம். முதல் ரெண்டுல, வீட்டையே அதட்டி ஆளுற மூத்த அண்ணன் குணசேகரனா நடிச்சது மாரிமுத்து. இந்த வருஷம் வேல ராமமூர்த்தி.

இழை ஆரம்பிச்சது கதை பேச இல்ல. போன வாரம் நடந்ததைச் சொல்றேன்.

என் வீட்டுக்காரி கருவாடு போடுறா. பின்னாடி வேலியோரம் வலையை விரிச்சு காய வச்சு, வியாபாரிக்குப் போடுறது. மகளிர் குழுவுலயும் கடன் எடுத்திருக்கா, ஒழுங்காக் கட்டுறா. தடைக்காலத்துல எங்க வீட்டுல வரவுன்னா அதுதான். நிவாரணம் 8000 வரும், வந்த அன்னைக்கே போயிரும். அன்னைக்கு என் கூட்டாளி ஒருத்தன் வாசல்ல நிக்கிறான், டீ குடிக்கப் போகணும், என் சட்டைப்பையில ஒண்ணுமில்ல. உள்ள போய் அம்பது ரூபா கேட்டேன். அவ கை பூரா உப்பு. முழங்கையால மாராப்பை ஒதுக்கிக்கிட்டு இடுப்புச் சுருக்குப்பையை விரல் நுனியால திறந்து நூறு ரூபாத் தாளை நீட்டிக்கிட்டே வாசல் வரைக்கும் வந்துட்டா. "சில்லறை இல்ல. மீதியைக் கொண்டாந்துருங்க."

அவ்வளவுதான். கூட்டாளி சிரிச்சுட்டான். "என்னடா, சம்பளம் வாங்கிட்டியா?"

நான் திரும்பி அவளைப் பாத்து, "குழுக் காசு வந்ததுல இருந்து ரொம்பத்தான் நீளுது"ன்னு சொல்லிட்டுப் போனேன். அவ ஒண்ணும் சொல்லல. அன்னைக்கு ராத்திரி சீரியல்ல குணசேகரன் மருமகள்களைப் பாத்து அதே தொனியில கத்துறாரு. "பொம்பளைன்னா அவனுக்கு அவ்வளவு எளக்காரமா"ன்னு எங்க அம்மா திட்டுச்சு. நானும் சேந்து திட்டுனேன். திட்டும்போதே நாக்கு ஒட்டிக்கிச்சு.

அப்புறம் யோசிச்சேன். கூட்டாளி அங்க நிக்கலன்னா எனக்குக் கோவம் வந்திருக்காது. சத்தியமா வந்திருக்காது. போன வருஷம் பூரா படகுத்துறையில நாங்க எல்லாரும் குணசேகரன் மாதிரியே "இந்தாம்மா ஏய்"னுதான் ஒருத்தனை ஒருத்தன் கூப்புட்டோம். வீட்டுல திட்டுனதும் இதே வாய்தான். இந்தத் தொடர் பொம்பளைங்க கஷ்டத்தைச் சொல்லுதுன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கென்னவோ அது ஆம்பளை தன்னை எப்படிப் பாத்துக்கிறான்னு சொல்ற மாதிரி இருக்கு. பொம்பளையைப் பாக்குற சாக்குல, பக்கத்துல நிக்கிற ஆம்பளை கண்ணுல தான் எப்படித் தெரியுறோம்னு பாக்குறது. நீங்க என்ன சொல்றீங்க?

கொண்டல் காத்து
21 மே 2024, இரவு 11.20

தம்பி, உனக்கு வேலை இல்ல, அதான் சீரியலைப் பாத்து ஞானம் வருது. படகு இறங்கட்டும், சரியாயிரும். டி.ஆர்.பி.க்காக ஒருத்தன் கத்துறான், நாலு பேரு அழுவுறாங்க, நடுவுல சோப்பு விளம்பரம். இதுல ஆம்பளையும் இல்ல, பொம்பளையும் இல்ல.

சாயல்குடி பனை
21 மே 2024, இரவு 11.41

கொண்டல் அண்ணே, "ஞானம் வருது"ன்னு சொன்னீங்க பாருங்க, தொடர்ல ரெண்டாவது தம்பி பேரே ஞானம்தான் 😂

தொண்டி டீச்சர்
22 மே 2024, காலை 6.15

டிரைவர் தம்பி எழுதினதைப் படிச்சிட்டு ராத்திரி தூக்கம் வரல. பள்ளிக்கூடம் லீவு, அதனால நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

நாலு அண்ணன் தம்பி. ஆதி குணசேகரன், ஞானசேகரன், கதிர், சக்தி. இந்த நாலு பேரும் நாலு வேற மனுஷங்க இல்லைன்னு எனக்குத் தோணும். மூத்தவன் வாயால அதிகாரம் பண்றான். ரெண்டாவது ஆளு மூத்தவன் சொன்னதோட கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்லியே தானும் அதிகாரத்துல பங்குதாரன்னு நினைச்சுக்கிறான். மூணாவது ஆளுக்குப் பேச்சு கிடையாது, கைதான். நாலாவது பையன் சக்திக்குத் தப்புன்னு தெரியுது, ஆனா அண்ணன் எதிர்ல வாய் திறக்க ரொம்ப நாள் ஆவுது. நம்ம ஊர்ல ஒரே ஆம்பளை காலையில சக்தியாவும், மத்தியானம் ஞானமாவும், குடிச்சிட்டு வந்தா கதிராவும், பஞ்சாயத்துல உக்காந்தா குணசேகரனாவும் இருக்கிறதை நான் 22 வருஷமா வாத்தியார் வேலையில பாக்குறேன்.

முக்கியமான இடம் ஆரம்பத்துலயே வருது. ஜனனி நல்லாப் படிச்ச பொண்ணு. அந்த வீட்டுக்குப் படிச்ச மருமகதான் வேணும், ஆனா வேலைக்குப் போகக் கூடாது. ஈஸ்வரி படிச்சவ, ரேணுகாவுக்கு நடனம் தெரியும், நந்தினிக்குக் கைப்பக்குவம். எல்லாத் திறமையும் வீட்டுக்குள்ள வரணும், வந்ததும் அடுப்படியில அடங்கணும். படிக்காதவளைக் கட்டிட்டு வந்தா இந்தத் தொல்லையே இல்லையே, ஏன் படிச்சவளைத் தேடணும்? குணசேகரன் படிக்காதவர். படிச்சவ தனக்கு அடங்கிக் காபி கொண்டு வரும்போது அவர் உசரம் ஒரு அங்குலம் கூடுது.

இது சீரியல் கற்பனை இல்ல. என்கிட்ட பன்னெண்டாவது படிச்ச பொண்ணு, அப்புறம் எம்.ஏ., பி.எட். முடிச்சா. ரெண்டு விசைப்படகு வச்சிருக்கிற சம்மாட்டி வீட்டுல கல்யாணம் பண்ணிக் குடுத்தாங்க. பத்திரிகையில மாப்பிள்ளை பேருக்குப் பின்னாடி ஒண்ணும் இல்ல, பொண்ணு பேருக்குப் பின்னாடி ரெண்டு பட்டம் பெரிய எழுத்துல. போன பொங்கலுக்குப் போயிருந்தேன். பீரோவைத் திறந்து பட்டுச்சேலை காட்டுனா. சேலைக்கு நடுவுல அந்த பி.எட். சான்றிதழ், பிளாஸ்டிக் உறையில, கூடவே ரெண்டு பாச்சா உருண்டை. "பூச்சி அரிச்சிரக் கூடாதுன்னு அவுகதான் போட்டாக, டீச்சர்"னு சிரிச்சா. அந்த மாப்பிள்ளை கெட்டவன்னு சொல்ல மாட்டேன். பத்திரமா வச்சிருக்கான் பாருங்க.

இன்னொண்ணு. குணசேகரன் பேசுற அத்தனை பேச்சுக்கும் வசனம் எழுதுறது ஸ்ரீவித்யான்னு ஒரு பொம்பளை. நாங்க அடுப்படியில நின்னுக்கிட்டு முதுகால கேட்ட பேச்செல்லாம் அப்படியே வருதேன்னு ஆரம்பத்துலயே எனக்கு ஆச்சரியம். பேர் பாத்ததும் ஆச்சரியம் போயிருச்சு.

சபுராளி கீழக்கரை
22 மே 2024, பகல் 1.05

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லாருக்கும். துபாய்ல இருந்து எழுதுறேன். இங்க இரவு எட்டு மணின்னா ஊர்ல ஒன்பதரை. எங்க ரூம்ல ஆறு பேரு, நாலு பேரு ராமநாதபுரம் ஜில்லா. வேலை முடிஞ்சு வந்து சோத்துத் தட்டோட போன்ல பாப்போம். ஆம்பளைங்க சீரியல் பாக்க மாட்டாங்கன்னு சொல்றவங்க எங்க ரூமுக்கு வரணும்.

டிரைவர் அண்ணன் கேட்டதுக்கு எங்க ஊரை வச்சுப் பதில் சொல்றேன். கீழக்கரையில வீடு பொண்ணுக்குத்தான். கல்யாணத்துல வீட்டைக் குடுப்பாங்க, மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்கு வருவாரு. எங்க வாப்பா முப்பது வருஷம் எங்க உம்மா வீட்டுலதான் இருந்தாங்க. வெளியில வாப்பா பெரிய ஆளு, வீட்டுக்குள்ள குரல் உசந்து நான் கேட்டதில்லை. சின்ன வயசுல அது பெருந்தன்மைன்னு நினைச்சேன். பெரியவனானதும், பட்டா உம்மா பேர்ல இருக்கிறதாலேயோன்னு ஒரு சந்தேகம். இப்ப ரெண்டும்தான்னு தோணுது.

குணசேகரன் சதா "என் வீடு, என் சொத்து, நான் சம்பாதிச்சது"ன்னு சொல்வாரு. அப்புறம் பட்டம்மா அப்பத்தா பேர்ல 40 சதவீதம் இருக்குன்னு தெரிஞ்சதும் ஆளு ஆடிப்போயிட்டாரு, ஞாபகம் இருக்கா? வீட்டுல மூலையில ஒரு கிழவி, அவ கைநாட்டுக்காக இவ்வளவு பெரிய மனுஷன் ராத்திரி தூங்காம அலையுறான். எனக்கு அந்த மாசங்கள்தான் தொடர்லயே ரொம்பப் புடிச்ச மாசங்கள். அவர் கோவம் பணத்துக்கு இல்ல. தன்னைத் தானே உண்டாக்குன மனுஷன்னு முப்பது வருஷமா சொல்லிக்கிட்டு இருந்த கதையில 40 சதவீதம் பொய்னு ஆயிருச்சே, அதுக்கு.

இப்ப ரூம் கதை. இங்க முறை வச்சுச் சமைக்கிறோம். எனக்கு வெள்ளிக்கிழமை. ஆறு பேரு தட்டையும் கழுவுறேன், பாத்ரூம் கழுவுறேன், கூசுறதில்லை. ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் ஊருக்கு வந்தா தண்ணிகூட எடுத்துக் குடிக்கிறதில்லை. ஏன்னு யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கல. இன்னும் ஒண்ணு, வெக்கத்தை விட்டுச் சொல்றேன். ரூம்ல ஆளுங்க இருக்கும்போது வீட்டுல இருந்து போன் வந்தா "என்ன? சொல்லு"ன்னு கடுப்பா எடுப்பேன். மாடிக்குப் போய்ப் பேசுனா வேற குரல். என் பொண்டாட்டி இப்பல்லாம் எடுத்ததும் முதல்ல கேக்குறது, "மாடியில இருக்கீங்களா, ரூம்ல இருக்கீங்களா?"

மரிக்கொழுந்து
22 மே 2024, இரவு 9.10

சீரியல் ஆரம்பிக்க இருபது நிமிஷம் இருக்கு, அதுக்குள்ள எழுதிர்றேன்.

என் பேரைப் பாத்துப் பூ வாசம் நினைச்சுக்காதீங்க. மரிக்கொழுந்துங்கிறது பாசி. எங்க அம்மா பாசி எடுக்கப் போறவங்க. இடுப்பளவு தண்ணி, சில இடத்துல கழுத்தளவு. கண்ணாடி போட்டு முங்கி, பாறையில இருந்து கையால பறிச்சு, இடுப்புல கட்டுன வலைப்பையில போடணும். விரல்ல துணி சுத்தியும் கிழியும். அந்தக் கையில தேங்காண்ணெய் தடவிக்கிட்டுத்தான் ஒன்பதரைக்கு உக்காருவாங்க. முதல் விளம்பரத்துல தூங்கிருவாங்க. குணசேகரன் கத்துனா முழிச்சுக்குவாங்க. அவங்களுக்கு அது அலாரம் மாதிரி.

நீங்க எல்லாரும் ஆம்பளை மனசைப் பத்தியே பேசுறீங்க, சரி. பாக்குற பொம்பளைங்க என்ன பண்றாங்கன்னு ஒருத்தரும் எழுதலியே? டிரைவர் அண்ணே, உங்க அம்மா திட்டுறாங்கன்னு எழுதியிருந்தீங்க. எங்க தெருவுல திட்ட மாட்டாங்க, சிரிப்பாங்க. கரைக்கு வந்து பாசியைக் காயப்போடும்போது முந்தின நாள் சீரியலை வச்சு வீட்டுக்காரருக்கு வீட்டுக்காரர் தரம் பிரிப்பாங்க. "என் வீட்டுது கதிர்." "எனக்கு வாச்சது சக்தி, நல்லவரு, ஆனா நாலு வருஷம் ஆவும்." ரொம்பக் கேவலமாச் சொல்லணும்னா, "ஞானம்." குணசேகரன்னு யாரையும் சொல்ல மாட்டாங்க. அந்த அளவுக்கு நம்ம தெருவுல ஆளு ஏதுன்னு ஒரு பெரியம்மா சொல்லும்.

எங்க அப்பாவும் நாட்டுப்படகுல போறவருதான். கடல்னா ஆம்பளை கடல்தான் அவருக்கு. வலையைப் பொம்பளை தாண்டக் கூடாதும்பாரு. அம்மா வருஷக்கணக்கா அதே தண்ணிக்குள்ள முங்கி எந்திரிக்கிறாங்க, ஆனா அது "பாசி பொறுக்கப் போறது", இவரு போறதுதான் "தொழிலுக்குப் போறது". 2015-ல சின்னப்பாலத்துல பாசி எடுக்குற லட்சுமி மூர்த்தி அம்மாவுக்கு அமெரிக்காவுல சீகாலஜிங்கிற சுற்றுச்சூழல் விருது குடுத்தாங்க. மாசத்துல 12 நாள்தான் பாசி எடுக்கணும்னு அங்க பொம்பளைங்களே கட்டுப்பாடு போட்டு வச்சிருக்காங்க. அந்தச் சேதி வந்த அன்னைக்கு எங்க டீக்கடையில ஆம்பளைங்க பேசுன பேச்சை இங்க எழுத மாட்டேன், நெறியாளர் தூக்கிருவாரு. பேசுனவங்க வீட்டுலயும் சோறு வெந்தது பாசிக் காசுலதான்.

ஆரம்பிச்சிருச்சு. வரேன்.

நெறியாளர்
22 மே 2024, இரவு 10.02

ஒரு பதிவு நீக்கப்பட்டது. "ஓசி பஸ்", "ஆயிரம் ரூபாய்த் திமிர்" என்று பெண்களைக் கேலி செய்யும் பேச்சு இங்கே வேண்டாம். பேருந்து நேரம், உரிமைத்தொகை விண்ணப்பம் எல்லாம் தனி இழையில்.

சாயல்குடி பனை
23 மே 2024, காலை 8.30

நீக்குனது என் பதிவு இல்லைன்னு முதல்லயே சொல்லிக்கிறேன்.

யாரும் தொடாத ஒரு விஷயம். 2023 செப்டம்பர் 8-ம் தேதி மாரிமுத்து சார் இறந்தாரு. இதே தொடருக்கு டப்பிங் பேசப் போன இடத்துல நெஞ்சுவலி. அவருக்கப்புறம் வந்தவரு நம்ம பெருநாழிக்காரர், எழுத்தாளர் வேல ராமமூர்த்தி. எங்க ஊர்ப்பக்கம் ஒரே சந்தோஷம், நம்ம ஜில்லா ஆளு இனிமே டெய்லி டிவியிலன்னு. ஆனா எங்க அப்பா கூட்டம் மெதுவா எந்திரிச்சுப் போயிருச்சு. எங்க வீட்டுத் திண்ணையில ஆறேழு பேரு உக்காந்து பாப்பாங்க. இப்ப எங்க அப்பத்தா மட்டும்தான்.

ஏன்னு கேட்டா "அவரு மாதிரி இல்லப்பா"ன்னு சொல்றாங்க. நான் ரெண்டு பேரையும் கவனிச்சுப் பாத்தேன். மாரிமுத்து பேசும்போது ஒரு நக்கல் இருக்கும், சட்டைக் காலரைத் தூக்கிவிடுற மாதிரி. ஒரு பொம்பளையை நசுக்குற வசனத்தைக்கூட நீங்க சிரிச்சுக்கிட்டே கேட்டுறலாம். உங்க ஊரு மாமா ஒருத்தரு ஞாபகம் வருவாரு. வேல சார் பேசுனா அந்த வழி கிடையாது. கண்ணு அசையாது. அதே பேச்சுதான், ஆனா சிரிக்க முடியல. சிரிப்பு போனதும் மிச்சம் இருந்தது என்னன்னு தெரிஞ்சுபோச்சு, பெருசுங்களுக்கு உக்கார முடியல. நடிப்பு மோசம்னு இவங்க சொல்றது எனக்கு அப்படித்தான் படுது.

கரிகாலனையும் சேத்துக்கங்க. "மாமா, மாமா"ன்னு குணசேகரன் பின்னாடியே சுத்துறவன். அவனைக் காமெடின்னு நினைச்சுத்தான் பாத்தோம். குணசேகரன் தங்கச்சி ஆதிரைக்கு அவனைக் கட்டாயமாக் கட்டி வச்சப்ப அந்தக் காமெடி எங்க போச்சு? எங்க அக்கா அன்னைக்கு டிவியை அணைச்சிட்டு உள்ள போயிருச்சு. எங்க அக்கா கல்யாணக் கதை இங்க வேண்டாம்.

கொண்டல் காத்து
23 மே 2024, பகல் 3.45

டிரைவர் தம்பியைக் கிண்டல் பண்ணி எழுதுனேன். இப்ப நேராவே எழுதுறேன். எனக்கு வயசு 67.

எங்க அப்பா கடல்ல போனவரு போனவருதான், திரும்பல. அப்ப எனக்கு 14, மூத்தவன். கீழ ரெண்டு தம்பி, மூணு தங்கச்சி. பள்ளிக்கூடப் பையைத் தூக்கி எறிஞ்சிட்டு மறுநாளே அடுத்தவன் வத்தையில, அதான் சின்ன நாட்டுப்படகுல, ஏறுனேன். மூணு தங்கச்சியையும் கட்டிக் குடுத்தேன். தம்பி ஒருத்தனைப் படிக்க வச்சேன், இன்னைக்கு அவன் மெட்ராஸ்ல உத்தியோகம். எனக்குக் கல்யாணம் ஆகும்போது வயசு 36. இதுக்கெல்லாம் யாரு என்ன குடுத்தா? சோறு போடும்போது முதல் தட்டு, என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லைங்கிற மரியாதை. அந்த ஒண்ணுதான் எனக்குக் கூலி. இப்ப டீச்சரு வந்து அந்தக் கூலியும் தப்புன்னா, நான் செஞ்ச வேலைக்கு என்ன கணக்கு?

குணசேகரன் தம்பிங்களை வளத்தவன். அதை நீங்க யாரும் எழுதல. கத்துறான், சரி. கத்துறவனுக்கும் ஒரு கதை இருக்கும்.

தொண்டி டீச்சர்
23 மே 2024, மாலை 5.20

அண்ணே, உங்க பதிவை ரெண்டு தரம் படிச்சேன். உங்க கூலியைத் தப்புன்னு சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல. எங்க பெரியண்ணனும் அப்படித்தான், நான் டீச்சர் ஆனது அவர் காசுல.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். 14 வயசுல வத்தையில ஏறுனீங்க, உங்க அம்மா அந்த வருஷங்கள்ல என்ன செஞ்சாங்க? நீங்க எழுதின கணக்குல அவங்க இல்ல. குத்திக் காட்டல, எங்க அண்ணன் கணக்குலயும் எங்க அம்மா கிடையாது.

தொடர்ல குணசேகரனுக்குப் பாரம் இருந்ததை மறைக்கல அண்ணே. அவர் வெறும் கெட்டவனா இருந்திருந்தா ரெண்டு மாசத்துல சலிச்சிருக்கும். பாரம் தூக்குனது நிஜம், ஆனா "நான் மட்டும்தான் தூக்குனேன்"ங்கிறதுல ஆரம்பிக்குது கோளாறு. ஜீவானந்தம் கதையைப் பாருங்க. பொண்டாட்டி ஈஸ்வரியோட குணசேகரன் ஒரு நாளாவது உக்காந்து பேசியிருக்காரா? அவ சாப்டாளான்னு தெரியாது. ஆனா இன்னொரு ஆம்பளை எப்பவோ அவளை மதிச்சான், கட்டிக்க ஆசைப்பட்டான்னு தெரிஞ்சதும் தவிச்சுப் போறாரு. பீரோவுல கிடக்குற சான்றிதழை அடுத்தவன் படிச்சிட்டான்னு வர்ற கோவம் அது.

அதே ஜீவானந்தம் மேல எனக்கு ஒரு புகாரும் இருக்கு. பொம்பளைங்களை மதிக்கிற, அளந்து பேசுற, எல்லாம் தெரிஞ்ச உத்தமர். அந்த வேஷத்துல நடிக்கிறது யாரு? இயக்குநர் திருச்செல்வமே. 2003-ல இருந்து 2009 வரைக்கும் ஓடுன கோலங்கள்லயும் தேவயானிக்குத் துணை நிக்கிற தொல்காப்பியனா அவரேதான் வந்தாரு. நல்ல கலைஞர், சந்தேகம் இல்ல. ஆனா பொம்பளைங்களைப் புரிஞ்சுக்கிட்ட ஆம்பளைங்கிறதும் ஒரு ஆம்பளை தனக்குப் போட்டுப் பாத்துக்கிற சட்டைதானே? நாலு மருமகளும் தாங்களே முட்டி மோதி வெளிய வரும்போது, வழி காட்ட ஒரு அண்ணாச்சி ஏன் வரணும்? குணசேகரனைப் பாத்தா எனக்கு எரிச்சல். ஜீவானந்தத்தைப் பாத்தா கொட்டாவி.

சபுராளி கீழக்கரை
23 மே 2024, இரவு 8.00

டீச்சரம்மா, ஜீவானந்தத்தைச் சொன்னதும் ரூம்ல ஒருத்தன் சாப்பாட்டை வச்சிட்டு எந்திரிச்சிட்டான். நாங்க ஆறு பேரும் அந்த ஆளுதான்னு இவ்வளவு நாளா நினைச்சுக்கிட்டு இருந்தோம்.

மரிக்கொழுந்து
24 மே 2024, காலை 7.05

கொண்டல் தாத்தா, எங்க அம்மாகிட்ட உங்க பதிவை வாசிச்சுக் காட்டுனேன். "பாவம்"னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்த வத்தையில போனது ஒரு பையன், கரையில நின்னது எத்தனை பேருன்னு கேளு"ன்னாங்க. அப்புறம், "கேக்காத, பெரியவரு மனசு கஷ்டப்படும்"னும் சொன்னாங்க. ரெண்டையும் எழுதிட்டேன்.

டீச்சர், கதிர் மாறுனதைப் பத்தி உங்க கருத்து? தர்ஷினியைத் தேடி அலைஞ்சதுக்கு அப்புறம் ஆளே வேறயாயிட்டான். எங்க தெருவுல பாதிப் பேரு கதிர் கட்சி இப்ப. பொண்டாட்டி நந்தினி அத்தனை வருஷம் அடிபட்டப்ப மாறாதவன், அண்ணன் பொண்ணுக்கு ஒண்ணுன்னதும் மாறுறான். ரத்த சொந்தம்னாதான் ஆம்பளைக்குப் பொம்பளை மனுஷியாத் தெரியுமா?

தொண்டி டீச்சர்
24 மே 2024, காலை 9.40

நல்ல கேள்விம்மா. பொண்ணைப் பெத்த அப்பன்மாரு பல பேரு அப்படித்தான் மாறுறாங்க, என் வகுப்புல பாக்குறேன். பொண்டாட்டியைப் படிக்க விடாதவரு பொண்ணுக்கு சைக்கிள் வாங்கியாச்சான்னு தினம் வந்து கேப்பாரு. அதை வேண்டாம்னு சொல்ல முடியுமா? வந்த வழி எதுவா இருந்தா என்ன, வந்தானே. ஆனா நந்தினி அவனைப் பாத்துச் சிரிக்கிற ஒவ்வொரு காட்சியிலயும் எனக்கு அந்தப் பழைய அறை ஞாபகம் வருது. அவளுக்கும் வரும்.

கொண்டல் காத்து
26 மே 2024, இரவு 7.15

ரெண்டு நாள் எழுதல. டீச்சரு கேட்டதுக்குப் பதில்.

எங்க அம்மா பாம்பன்ல மீன் வாங்கி, தலைச்சுமையா மண்டபம் போகும். அப்ப ரோட்டுப் பாலம் கிடையாது, 1988-லதான் வந்துச்சு. ரயில்லதான் போகணும், கூடையோட ஏத்தமாட்டேன்னு சண்டை வரும். சாயங்காலம் வந்து உலை வைக்கும். தங்கச்சி கல்யாணத்துக்குத் தாலிக்கொடி எடுத்தது நான்னு ஊருக்கே சொல்லியிருக்கேன். பாதிக் காசு அம்மாவுது. அது ஒருநாளும் வெளியில சொல்லல. நானும் சொல்லல. அது போய் 19 வருஷம் ஆச்சு.

சரி, போதும்.

தங்கச்சிமடம் டிரைவர்
9 ஜூன் 2024, இரவு 9.35

நேத்தோட தொடரை முடிச்சிட்டாங்க. இப்ப இந்த நேரத்துக்கு எங்க வீட்டுல ஆளுக்கொரு பக்கம் உக்காந்திருக்கோம், என்ன பண்றதுன்னு தெரியல. அம்மா ரிமோட்டைக் கையில வச்சுக்கிட்டு சும்மா இருக்கு. முடிவைப் பத்திச் சண்டை போட வேற இழை ஓடுது, நான் அதுக்கு வரல.

மரிக்கொழுந்து தங்கச்சி எழுதுனதைப் படிச்சதுல இருந்து எனக்கு ஒரு அரிப்பு. நேத்து தொடர் முடிஞ்சதும் என் வீட்டுக்காரிகிட்ட கேட்டேவிட்டேன். "ஏய், உண்மையைச் சொல்லு. நான் குணசேகரன் மாதிரியா?"

அவ கருவாட்டுச் சாக்கைத் தச்சுக்கிட்டு இருந்தா. ஊசியை வாயில கவ்விக்கிட்டு என்னை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தா. ஊசியை எடுத்துட்டு, "இல்லங்க. நீங்க ஞானம்"னா.

எங்க அம்மா உள்ள இருந்து சிரிச்சிச்சு பாருங்க, பக்கத்து வீட்டு மதினி என்னன்னு கேட்டு வந்துருச்சு.

ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூங்கல. என்னால நம்ப முடியல, குணசேகரன்னு சொல்லியிருந்தா மனசு இவ்வளவு வலிச்சிருக்காது. கொடுமைக்காரன்னு சொன்னாலும் அதுல ஒரு கெத்து இருக்கு போல. நான் மன்னிப்புக் கேக்குற மாதிரி மூஞ்சியை ரெடி பண்ணி வச்சிருந்தேன், அவ எனக்கு அந்த வேஷத்தைக்கூடக் குடுக்கல. நான் அன்னைக்குச் சொன்ன "குழுக் காசு" பேச்சு என்னோட பேச்சே இல்லையாம். படகுத்துறையில எவனோ பேசுனதைக் கொண்டாந்து ஒப்பிச்சேனாம். "நீங்களாப் பேசுனா இப்படிப் பேச மாட்டீங்க"ன்னு சொல்றா. பாராட்டா திட்டான்னு இன்னும் புரியல.

சாயல்குடி பனை
9 ஜூன் 2024, இரவு 9.50

அண்ணே, நான் முதல் நாளே சொன்னேன் 😂😂

சபுராளி கீழக்கரை
9 ஜூன் 2024, இரவு 10.30

ரூமே சிரிக்குது அண்ணே. ஆறு பேர்ல ஒருத்தனும் வீட்டுக்குப் போன் போட்டு இதே கேள்வியைக் கேக்கத் தயாரா இல்ல.

மரிக்கொழுந்து
10 ஜூன் 2024, காலை 6.50

அம்மாகிட்ட சொன்னேன். "ஞானம்னா திருத்தலாம்னு சொல்லு"ன்னாங்க.

கொண்டல் காத்து
14 ஜூன் 2024, மாலை 4.10

இன்னைக்கு ராத்திரியோட தடை முடியுது. டிரைவர் தம்பி, ஐஸ் ஏத்தியாச்சா? எல்லையைப் பாத்துப் போங்க, போன தடவை மாதிரி பிடிச்சுட்டுப் போயிரப் போறான். ஒண்ணு கேக்க மறந்துட்டேன். அன்னைக்கு டீ குடிச்ச மீதிக் காசைப் பொண்டாட்டிகிட்ட குடுத்தியா?

தங்கச்சிமடம் டிரைவர்
14 ஜூன் 2024, மாலை 6.25

ஐஸ் ஏத்தியாச்சுண்ணே, டீசல் அடிக்க நிக்கிறோம். மீதி 76 ரூபா. குடுத்துட்டேன். எண்ணிப் பாத்துத்தான் வாங்கிக்கிட்டா.

கூட்டாளி பக்கத்துல இல்லாத நேரமாப் பாத்துத்தான் குடுத்தேன்.